மெஷ் வைஃபை: பாக்ஸ் கூடுனா ஸ்பீடு கூடாதுங்க

பல பாக்ஸ் சேந்து சிக்னல ஒண்ணுக்கொண்ணு கைமாத்தி விடுற வைஃபைக்கு தான் மெஷ்னு பேரு. ஏற்காட்டுல காட்டேஜ், ஹோம்ஸ்டே வச்சிருக்கவங்க கிட்ட இருந்து சேலத்துக்கு எங்களுக்கு வர்ற போன் பெரும்பாலும் ஒரே மாதிரி தான் இருக்கும். "மூணு பாக்ஸ் மெஷ் வாங்கி மாட்டியாச்சுங்க, சிக்னல் ஃபுல்லா காட்டுது, ஆனா கடைசி ரூம்ல வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது, இன்னும் ரெண்டு பாக்ஸ் சேத்து போட்டா சரியாயிடுமா?" ஆகாதுங்க, பல சமயம் இன்னும் மோசமாத்தான் போகும்.

போன்ல தெரியுற கோடு உங்களுக்கும் பக்கத்து பாக்ஸுக்கும் நடுவுல இருக்க சிக்னல் மட்டும் தான், அந்த பாக்ஸுக்கு முந்தின பாக்ஸ்ல இருந்து எவ்வளவு வந்து சேருதுன்னு அதுல தெரியாது. தளம் போடுறப்ப வரிசையா நின்னு கலவை சட்டி கைமாத்துவாங்கல்ல, வாங்குறதும் அதே கை குடுக்குறதும் அதே கை, ஒரே ரேடியோ இருக்க பாக்ஸும் அப்படித்தான். மெயின் பாக்ஸ்ல 100 எம்பி கிடைச்சா அடுத்ததுல 50, அதுக்கடுத்து 33 பக்கம், இதுவும் எல்லாம் சரியா அமைஞ்சா. நீளமான வரிசைல தியரிப்படி கால்வாசி தான் மிஞ்சும்னு 2001லயே அமெரிக்காவோட எம்ஐடி யுனிவர்சிட்டி ஆளுங்க கணக்கு போட்டாங்க, வைஃபை முறைய வச்சு சிமுலேஷன் ஓட்டுனா ஏழுல ஒரு பங்கு தான் வந்துச்சு. ஏன்னா முதல் பாக்ஸுக்கு போட்டி கம்மி, அது பாட்டுக்கு தள்ளி விட்டுடுது, பின்னாடி இருக்க பாக்ஸுங்களால அத்தனையும் கடத்த முடியாம பாக்கெட் (டேட்டாவ துண்டு துண்டா அனுப்புறாங்கல்ல, அதுல ஒரு துண்டு) வழியிலயே தொலைஞ்சு போயிடுது.

அதுக்கு முந்தின வருசம் பியூஷ் குப்தாவும், நம்ம சென்னை ஐஐடில படிச்ச பி.ஆர்.குமாரும் எழுதுன பேப்பர் இன்னும் கறாரா சொல்லுது, நோடு, அதாவது நெட்வொர்க்ல இருக்க கருவிங்க, எண்ணிக்கைல நாலு மடங்கானா ஆளுக்கு கிடைக்கிற பங்கு பாதிக்கும் கீழ போயிடும். இது பிராண்டு மாத்துனா தீர்ற விஷயம் இல்ல, காத்து எல்லாருக்கும் பொது, அவ்வளவு தான்.

அடுத்தது ரூட், டேட்டா எந்தெந்த பாக்ஸ் வழியா போகணும்ங்கறது. பழைய முறைல எத்தனை பாக்ஸ் தாவணும்னு மட்டும் பாத்து, கம்மியா இருக்க வழிய எடுத்துக்கும், அதனால தூரத்துல இருக்க வீக்கான லிங்க்க பிடிச்சு தொங்கிக்கிட்டு இருக்கும். ஒரு பாக்கெட் போய் சேர எத்தனை தடவை அனுப்ப வேண்டியிருக்குன்னு பாக்கற இடிஎக்ஸ் கணக்கு 2003ல வந்துச்சு, நல்ல முன்னேற்றம் தான், ஆனா எஸ்டேட்ல சில்வர் ஓக் இலை காலைல நனைஞ்சு மத்தியானம் காஞ்சு சாயந்திரம் மறுபடி நனையுது, லிங்க்கும் கூடவே மாறும். எல்லாரும் பனிமூட்டத்த திட்டுறாங்க, வைஃபை அலைவரிசைல பனி பெருசா ஒண்ணும் பண்ணாது, ஈர இலை தான் வில்லன். "எதிர் பங்களா கண்ணுக்கு நேரா தெரியுதுங்களே"ம்பாங்க, 1 கிலோமீட்டர் லிங்க்குக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல நடுப்பகுதில சுத்திலும் அஞ்சரை மீட்டருக்கு ஃப்ரெனல் ஜோன், அதாவது சிக்னல் பரவிப் போக வேண்டிய இடம், இருக்கு, அதுல பாதிக்கு மேல மறைக்காம இருக்கணும், மரக்கிளை உள்ள நுழைஞ்சா போச்சு.

மேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு பாக்ஸ், இந்தப்பக்கம் ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல உச்சில ஒண்ணு. ஓரத்துல இருக்க ரெண்டும் ஒண்ண ஒண்ணு கேக்காது, ஒரே நேரத்துல அனுப்பி உச்சில இருக்கறதுல மோதிக்கும். இப்படி பாக்கெட் தொலையறத பாத்துட்டு, டேட்டா அனுப்புற வேகத்த கட்டுப்படுத்துற டிசிபிங்கற முறை, லைன்ல நெரிசல்னு நினைச்சு தானாவே வேகத்த குறைச்சுக்கும். ஹிட்டன் நோடுன்னு பேரு வச்சு பல வருசமா ஆராய்ச்சி பண்றாங்க, முழுசா இன்னும் ஒழியல.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட கேக்க வேண்டியது பேக்ஹால், அதாவது பாக்ஸுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல இருக்க இணைப்பு, எது மேல ஓடுதுன்னு தான். கேபிள் இழுக்க முடிஞ்ச இடத்துல இழுத்துருங்க, கட்டடம் விட்டு கட்டடம்னா ஃபைபர், மலைல இடி விழுந்தா காப்பர் கேபிள் வழியா போர்ட்டு போயிடும். முடியாத இடத்துல பேக்ஹாலுக்குன்னு தனி ரேடியோ இருக்க மாடல், இல்லன்னா 5 ஜிகாஹெர்ட்ஸ்ல ரெண்டு இடத்த மட்டும் நேருக்கு நேரா இணைக்கிற பாயிண்ட் டு பாயிண்ட் லிங்க், 2018ல இருந்து அதுக்கு வெளியிலயும் லைசென்ஸ் தேவையில்ல, பவர் லிமிட்டுக்குள்ள இருந்தா போதும்.

அப்புறம் 'தானே சரி பண்ணிக்கும்'னு அட்டைப்பெட்டில போட்டிருக்கும். மாத்து வழி இருந்தா தான் சரி பண்ணும், சரிவுல ஒரே வரிசையா மாட்டுனா மாத்து வழி ஏதுங்க? மழைல கரண்ட் போய் நடு பாக்ஸ் அணைஞ்சா அதுக்கு கீழ இருக்க எல்லா ரூமும் அவுட், அந்த ஒரு பாக்ஸுக்காவது இன்வெர்ட்டர் லைன் குடுத்து வைங்க.