‘சிடி உள்ளே போகுதே, ஓடணும்லா?’: புது கன்சோல் வாங்குகிறவர்களுக்கு

புது கேம் கன்சோல் வாங்கிவிட்டு, பழைய டிஸ்க் அதில் ஓடவில்லை என்று வந்ததில் ஒரே மாதத்தில் இது நான்காவது வீடு. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் இருக்கும் என் கடைக்கு வந்தார். பையன் பத்தாம் வகுப்பு. கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, அது நிறைய பிஎஸ்3 (சோனியின் பிளேஸ்டேஷன் 3) டிஸ்க். இன்னொரு பையில் வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத பிஎஸ்5.

“சிடி எல்லாம் உள்ளே போகுது அண்ணாச்சி, ஆனா ஒண்ணுகூட ஓட மாட்டேங்கு. டிரைவ் போயிட்டோ என்னமோ, பாத்துச் சொல்லுங்க.”

டிரைவுக்கு ஒரு கேடும் இல்லை. பிஎஸ்3 டிஸ்க் பிஎஸ்5-இல் ஓடாது. இந்தப் பெட்டியில் மட்டுமில்லை, எந்த பிஎஸ்5-லும் ஓடாது. சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. “வாங்கும்போதே கேட்டோம்லா, பழசு எல்லாம் ஓடும்னுதான சொன்னாவ” என்றார். சொன்ன கடைக்காரரின் பேச்சை நம்பி, வீட்டிலிருந்த பிஎஸ்3-ஐ நாலாயிரம் ரூபாய்க்குக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். பையன் அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியில் கேட்டான்: “அதுல அண்ணனும் நானும் எதுவரைக்கும் ஆடுனோம்ங்கற சேவ் எல்லாம் இருந்துச்சே?” அண்ணன் இப்போது ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான்.

கன்சோல் சரிசெய்வது எனக்குப் பதினாறு வருஷத் தொழில். மதர்போர்டு கருகிப்போனால்கூட ஏதாவது செய்து பார்க்கலாம். இதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன் என்பதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “சிடி அதே சிடிதான? உள்ளே போகுதுலா?” இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சினிமாத் தட்டு பழக்கிவிட்ட பழக்கம் அது. விசிடி பிளேயர் போய் டிவிடி பிளேயர் வந்தபோது பழைய விசிடியும் அதில் ஓடியது. இதே பிஎஸ்5-இல் இருபது வருஷத்துக்கு முந்தைய டிவிடி படத்தைப் போட்டால் ஓடத்தான் செய்யும். அப்புறம் கேம் மட்டும் ஏன் ஓடாது என்று கேட்பது நியாயமாகத்தான் படும்.

ஆனால் படம் வேறு, கேம் வேறு. படத் தட்டில் இருப்பது படமும் ஒலியும், அதுவும் எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கொண்ட ஒரே முறையில் எழுதியது. கேம் தட்டில் இருப்பது கட்டளை. ‘இந்த எண்ணை எடு, அதோடு கூட்டு, இந்த இடத்தில் வை’ என்று ஒரு குறிப்பிட்ட சிப்பைப் பார்த்து, அதன் மொழியில் எழுதிய கட்டளை. வேறு சிப்புக்கு அந்த மொழி தெரியாது. பிஎஸ்3 டிஸ்க்கும் புளூரேதான் (டிவிடிக்கு அடுத்து வந்த தட்டு வகை), பிஎஸ்5 டிரைவும் புளூரேதான். டிரைவின் லேசர் அந்தத் தட்டைப் பார்க்கிறது. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, படிக்கத்தான் தெரியவில்லை.

நம் பக்கத்துக் கோயில்களுக்குப் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாண்டியர் காலத்துப் பழைய கல்வெட்டுகளில் பல வட்டெழுத்தில் இருக்கின்றன. மொழி தமிழ்தான். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாலும், வட்டெழுத்துப் பயிலாதவர் என்றால் ஒரு வரி படிக்க மாட்டார். டார்ச் வெளிச்சத்தைக் கூட்டினால் படித்துவிடுவாரா? வட்டெழுத்து தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொன்னால்தான் முடியும். கன்சோலில் அப்படிப் பக்கத்தில் நின்று சொல்லும் மென்பொருளுக்குப் பெயர் எமுலேட்டர். பழைய சிப்பின் ஒவ்வொரு கட்டளையையும் புதிய சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொடுப்பது அதன் வேலை. அதைக் கம்பெனிதான் எழுதி உள்ளே வைக்க வேண்டும். வைக்கவில்லை என்றால் இல்லை, அவ்வளவுதான்.

‘புது மிஷின் பவர் ஜாஸ்தி, அதனால் பழசு எல்லாம் சுலபமாக ஓடும்’ என்பது அடுத்தது. இதைக் கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் விற்கிறவர்களே இப்படிச் சொல்கிறார்கள். 2006-இல் வந்த பிஎஸ்3-இல் இருந்தது செல் என்கிற செயலி. வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். ஒரு தலைமைக் கோர் (செயலிக்குள் கணக்குப் போடும் பகுதி), அதற்குக் கீழே எஸ்பிஇ என்கிற சின்னச் சின்னக் கோர்கள், அவற்றில் ஆறு கேமுக்கென்றே. அந்த ஆறுக்கும் வேலையைப் பங்குபோட்டுக் கொடுக்கும் விதத்தில்தான் பிஎஸ்3 கேம்களை எழுதினார்கள். 2013-இல் வந்த பிஎஸ்4-இல் ஏஎம்டி என்கிற சிப் கம்பெனியின் ஜாகுவார், எட்டுக் கோர், 1.6 கிகாஹெர்ட்ஸ். அடுத்த தலைமுறை மிஷினின் கடிகார வேகம் முந்தையதில் பாதி! கட்டமைப்பு அடியோடு மாறிவிட்டது. பிஎஸ்5-இல் இருப்பதும் ஏஎம்டிதான், ஜென் 2. அதாவது பிஎஸ்4-க்கும் பிஎஸ்5-க்கும் ஒரே வம்சம். பிஎஸ்3 வேறு வம்சம். பவர் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், எந்த வம்சம் என்று பாருங்கள்.

வம்சம் தெரிந்தால் பாதி ஜோசியம் முடிந்த மாதிரி. பிஎஸ்4 டிஸ்க்கை டிரைவ் உள்ள பிஎஸ்5-இல் போட்டால் அநேகமாக எல்லாமே ஓடும். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிஎஸ்4 கேம்களில் 99 சதவீதம் ஓடும் என்று 2020-இல் சோனி சொன்னது, என் கடை அனுபவமும் அதுதான். பிஎஸ்1, பிஎஸ்2 டிஸ்க் ஓடாது. பிஎஸ்1 கேம் வந்தது சிடியில், பிஎஸ்4-ம் பிஎஸ்5-ம் பாட்டு சிடியைக்கூட எடுக்காது. பிஎஸ்3 என்றால் எந்த மாடலிலும் பிஎஸ்1 டிஸ்க் ஓடும். பிஎஸ்2 டிஸ்க் ஓட முதலில் வந்த சில பிஎஸ்3 மாடல்கள்தான் வேண்டும். அவற்றில் பிஎஸ்2-இன் சிப்பையே போர்டில் வைத்திருந்தார்கள். செலவைக் குறைக்க 2007-இலேயே அதை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், பின்னால் வந்த பிஎஸ்3 ஸ்லிம் எதிலும் கிடையாது. (அந்த ஆரம்ப மாடல் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிஎஸ்3-இன் டிரைவ் போர்டும் மதர்போர்டும் ஜோடி, ஒன்றைத் தொலைத்தால் மற்றொன்றில் கேம் டிஸ்க் ஓடாது.)

எக்ஸ்பாக்ஸ் கதை வேறு. 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-ம் இன்றைய சீரிஸ் எக்ஸ்-ம் வேறு வேறு வம்சம்தான். ஆனால் மைக்ரோசாஃப்ட் எமுலேட்டர் எழுதி, கேம் கேமாகச் சோதித்து, ஒரு பட்டியல் போட்டது. 360 கேம்களில் அறுநூற்றுக்கும் மேலே அதில் இருக்கின்றன. 2021 நவம்பரில் கடைசியாக 76 கேம்களைச் சேர்த்துவிட்டுப் பட்டியலை மூடிவிட்டார்கள். பட்டியலில் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. அந்தப் பழைய தட்டு உள்ளே போனதும் கேம் தட்டிலிருந்து ஓடுவதில்லை, மாற்றி எழுதிய கேமை இன்டர்நெட்டிலிருந்து இறக்குகிறது. தட்டு வெறும் சாட்சி. அதனால் கிராமத்து வீட்டில் மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருப்பவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கினெக்ட் கேமரா முன்னால் ஆடுகிற கேம்கள் புது எக்ஸ்பாக்ஸில் கிடையவே கிடையாது.

நல்ல கேம் எல்லாவற்றையும் ஏன் சேர்க்கவில்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உரிமம்தான் பெரிய தடை. ஒரு கார் ரேஸ் கேமில் கார் கம்பெனியின் பெயர், பின்னணிப் பாட்டு எல்லாவற்றுக்கும் கெடு வைத்து ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். கெடு முடிந்தால் கம்பெனியே நினைத்தாலும் அதை மறுபடி வெளியிட முடியாது.

நின்டெண்டோ ஸ்விட்ச் 2, 2025 ஜூனில் வந்தது. பழைய ஸ்விட்ச் கேம் பெரும்பாலும் ஓடும், ஆனால் சில கேமுக்குப் பழைய ஜாய்கானே (கழற்றி மாட்டும் கைக் கன்ட்ரோலர்) வேண்டும், புதியதில் அகச்சிவப்புக் கேமரா இல்லை. பழசை விற்கும்போது ஜாய்கானையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, வம்சம் ஒத்துப்போகிறது, கேமும் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். தட்டு நுழைய வாய் வேண்டுமே! மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களிடம் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். துபாயிலிருந்து அப்பா ஆசையாக வாங்கி வருகிறார், விலை குறைவு என்று டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷன். வீட்டில் முப்பது பிஎஸ்4 டிஸ்க் இருக்கிறது, போட இடமில்லை. 2024-இல் வந்த பிஎஸ்5 புரோவிலும் டிரைவ் இல்லாமல்தான் விற்கிறார்கள், அத்தனை விலை கொடுத்தும். பிஎஸ்5 ஸ்லிம்முக்கும் புரோவுக்கும் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம், முதல்முறை மாட்டும்போது இன்டர்நெட் வேண்டும். 2020-இல் வந்த பழைய டிஜிட்டல் எடிஷனுக்கு அந்த வழியும் இல்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ம் அப்படியே. வளைகுடாவில் வாங்கிய டிஸ்க் இங்கே ஓடுமா என்றால் பிஎஸ்4, பிஎஸ்5 கேம் ஓடும். ஆனால் அந்த கேமுக்கென்று கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கும் பகுதிகளை அந்த நாட்டுக் கணக்கில்தான் வாங்க வேண்டும், இந்தியக் கணக்கில் வாங்கினால் பெரும்பாலும் சேராது.

அப்புறம், சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டினால் பிஎஸ்3 கேம் பிஎஸ்5-இல் வரும் என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். வெளிநாட்டுக்காரர் பேசிய வீடியோ அது. சோனி 2022-இல் அந்தச் சந்தாவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது டீலக்ஸ் என்று தனிப் பிரிவாகக் கொடுத்தது. சர்வரிலிருந்து ஓடிவரும் பிஎஸ்3 கேம்கள் அதில் இல்லை. பழைய பிஎஸ்1, பிஎஸ்2 கேம்களில் பொறுக்கியெடுத்த சில உண்டு, அதுவும் உங்கள் தட்டுக்கல்ல, டவுன்லோடாகத்தான்.

ஜெயில்பிரேக் செய்த (கம்பெனி போட்ட பூட்டை உடைத்த) பிஎஸ்4-இன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்து “இதை அப்படியே பிஎஸ்5-க்கு ஏத்திக் குடுங்க” என்று கேட்கிறவர்களுக்கு: ஏறாது. சிப் போட்ட பிஎஸ்2-இல் ஓடிய ஐம்பது ரூபாய் திருட்டுத் தட்டும் எங்கேயும் ஓடாது. தயவுசெய்து என்னிடம் கொண்டுவராதீர்கள்.

தட்டு கையில் இருக்கிறது, மிஷினும் சரியானதுதான், ஆனாலும் ஓடாத கேம் உண்டு. தி க்ரூ என்கிற கார் கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ஆம் தேதி நிறுத்தினார்கள். தனியாக ஆடுவதற்குக்கூட அதற்குச் சர்வர் வேண்டும். அன்றோடு அந்தத் தட்டு செத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அது பெரிய அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் இன்டர்நெட் கட்டாயம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், பழைய கேம் வாங்கும்போது அதைப் படியுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர் தன் சின்ன வயசு டிவி கேமையும் துப்பாக்கியையும் பத்திரமாக வைத்திருந்து மகளுக்கு ஆடிக் காட்ட எல்இடி டிவியில் மாட்டியிருக்கிறார். கேம் வருகிறது, வாத்து மட்டும் விழ மாட்டேன் என்கிறது. அந்தத் துப்பாக்கி பழைய குண்டு டிவியின் ஒளி மின்னும் நேரத்தை வைத்து வேலை செய்வது. புது டிவியில் படம் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாக வரும், ஒளி வரும் விதமும் வேறு. துப்பாக்கியில் பழுதே இல்லை. யார் வீட்டிலாவது பழைய டிவி இருந்தால் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். டவுனில் ஒரு உறவினர் வீட்டில் கிடைத்ததாம், போன் செய்து சொன்னார். மகள் முதல் சுற்றிலேயே நாலு வாத்து அடித்தாளாம்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது இதுதான். பழைய கன்சோலை முதலில் விற்காதீர்கள். புதியது வீட்டுக்கு வந்து, உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு தட்டும் ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்து, ஒரு மாதம் போகட்டும். நாலாயிரம் ரூபாய் எங்கேயும் ஓடிவிடாது. விற்கத்தான் வேண்டும் என்றால் சேவ் ஃபைலை முதலில் எடுத்து வையுங்கள். பிஎஸ்3 சேவ் ஃபைலைப் பெரும்பாலும் பென்டிரைவில் எடுத்துவிடலாம், நாளைக்கு வேறு பிஎஸ்3 கிடைத்தால் அதில் போட்டுக்கொள்ளலாம். பிஎஸ்4 சேவ் ஃபைலை நேராகவே பிஎஸ்5-க்கு மாற்றலாம், அதற்குப் பழைய மிஷின் கையில் இருக்க வேண்டும். கடைக்காரர் ‘எல்லாம் ஓடும்’ என்றால் ‘எந்த கேம், எந்த மாடல்’ என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போட்டுக் காட்ட யோசிக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

அம்பாசமுத்திரத்துப் பையனின் பிஎஸ்3-ஐ வாங்கியது சேரன்மகாதேவியில் ஒரு கல்லூரி மாணவர். என் முன்னாலேயே அந்த அம்மா போன் போட்டார். அவர் இன்னும் பழைய கணக்கை அழிக்கவில்லையாம். “சேவ் தான வேணும், ஞாயித்துக்கிழமை பென்டிரைவ் கொண்டாங்க அக்கா, எடுத்துத் தாரேன்” என்றார். நான் ஒரு 16 ஜிபி பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து பையன் கையில் கொடுத்தனுப்பினேன், மற்ற ஃபார்மேட்டை பிஎஸ்3 எடுக்காது.