கவுன்சில் டாக்ஸ்: கேட்டால்தான் கழிவு

இங்கிலாந்தின் சர்ரே கவுண்டியில் உள்ள ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் இரண்டு மணி நேரமும் நான் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். வாரநாட்களில் கடன் ஆலோசனைதான் என் தொழில். பள்ளிக்கு வருகிறவர்கள் கடிதங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். பாதி உறைகள் பிரிக்கப்பட்டே இருக்காது.

போன மார்ச்சில் வந்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது எழுபதுக்கு மேல். கணவருக்கு மறதி நோய். நான்கு ஆண்டுகளாக அவர்தான் குளிப்பாட்டி, உணவூட்டிப் பார்த்துக்கொள்கிறார். புதிய ஆண்டுக்கான கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்காக உள்ளூராட்சி மன்றத்துக்குக் கட்டும் வரி) பில்லை என்னிடம் நீட்டி, "மாதம் எவ்வளவு கூடுது எண்டு மட்டும் சொல்லு தம்பி" என்றார். பில்லில் எந்தக் கழிவும், அதாவது தள்ளுபடியும், இல்லை. நான் கேட்டேன். "வீட்டில ரெண்டு பேர் இருக்கிறம். ஒராள் இருந்தால்தானே கழிவு?" என்றார்.

இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனையோ குடும்பங்கள் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. கவுன்சில் டாக்ஸ் ஒரு வீட்டில் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருப்பதாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆனால் எல்லாப் பெரியவர்களும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. மறதி நோய், கடுமையான பக்கவாதம் போன்றவற்றால் நிரந்தரமாக மனத்திறன் மிகவும் குறைந்துவிட்டவர் என்று மருத்துவர் சான்று தந்து, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போன்ற குறிப்பிட்ட உதவித்தொகை ஒன்றுக்கும் அவர் உரியவராக இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் எண்ணப்படமாட்டார். அப்போது அந்த வீட்டில் மிஞ்சுவது ஒருவர். 25 விழுக்காடு கழிவு உண்டு. அப்படிப்பட்டவர் தனியாகவே வாழ்ந்தால் முழு விலக்கு.

அக்காவின் கணவருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வந்துகொண்டிருந்தது. ஜிபி (குடும்ப மருத்துவர்) கையெழுத்திட வேண்டிய படிவம் ஒரு பக்கம்தான். நோய் உறுதியான நாளிலிருந்து கழிவு வேண்டும் என்று எழுதினோம். கவுன்சில் முதலில் நடப்பு ஆண்டுக்கு மட்டும் தருவதாகச் சொன்னது. மருத்துவமனைக் கடிதத்தை இணைத்து மறுபடி எழுதிய பிறகு முழுக் காலத்துக்கும் தந்தது. இரண்டாயிரம் பவுணுக்கு மேல் திரும்பி வந்தது. முதல் பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். கவுன்சில் மறுத்தால் வேல்யுவேஷன் டிரிபியூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

இப்போது பில்லுக்கு வருவோம். 2025-26இல் இங்கிலாந்தில் D பிரிவு வீட்டின் சராசரி கவுன்சில் டாக்ஸ் 2,280 பவுண். அதில் கால்வாசி என்றால் 570 பவுண். சர்ரேயில் தொகை இதைவிடக் கூடுதல். A முதல் H வரையான பிரிவுகள் 1991 ஏப்ரல் 1 அன்று வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்து வகுக்கப்பட்டவை, இன்றைய விலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. பக்கத்து வீடு உங்கள் வீட்டைப் போலவே இருந்தும் கீழ்ப் பிரிவில் இருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம். கேட்பது இலவசம். "நாங்கள் வாங்கித் தருகிறோம், பங்கு தாருங்கள்" என்று தொலைபேசியில் அழைப்பவர்களுக்கு ஒரு பென்னியும் கொடுக்க வேண்டாம். ஆனால் கேட்கும் முன் நன்றாகப் பாருங்கள், பிரிவு ஏறவும் கூடும்.

பில்லின் முதல் பக்கத்தில் சில வரிகள் இருக்கும்: கவுண்டி முழுவதற்குமான கவுண்டி கவுன்சில், அதற்குள் உங்கள் பகுதிக்கான பரோ அல்லது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், போலீஸ், சில ஊர்களில் பாரிஷ் என்ற ஊர் மன்றம். இந்த வரிகளைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால்தான் உள்ளூர்ச் செய்திகள் புரியும். சர்ரேயில் உள்ள வோக்கிங் பரோ கவுன்சில் 2023 ஜூனில் தன் கணக்கைத் தன்னால் சமன்செய்ய முடியாது என்று 114ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. கடன் வாங்கி உயர்ந்த கட்டிடங்களிலும் ஹோட்டலிலும் முதலீடு செய்ததன் விளைவு அது. அடுத்த ஆண்டு 10 விழுக்காடு உயர்த்த அரசு அனுமதி கொடுத்தது. செய்தியைக் கேட்ட பலர் மொத்த பில்லும் பத்து விழுக்காடு ஏறப்போகிறது என்று பதறி என்னிடம் வந்தார்கள். பரோவின் பங்கு பில்லில் சிறு துண்டு. D பிரிவு வீட்டுக்கு அந்த உயர்வு ஆண்டுக்கு முப்பது பவுணுக்கும் குறைவு. அதே ஆண்டு கவுண்டி உயர்த்திய 4.99 விழுக்காடுதான் எண்பது பவுணைத் தாண்டியது, ஏனென்றால் பில்லில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கவுண்டிக்குப் போகிறது. அதற்காக வோக்கிங் மக்கள் தப்பிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் இழந்தது பில்லில் தெரியாது. குறைக்கப்பட்ட சேவைகளில்தான் தெரியும்.

அந்த 4.99 எங்கிருந்து வருகிறது? 5 விழுக்காட்டை எட்டினால் வாக்கெடுப்பு வைக்க வேண்டும். அதனால் பெரும்பாலான கவுண்டிகள் அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்து நிற்கின்றன. அதில் 2 விழுக்காடு முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்கு என்று ஒதுக்கப்படுவது. 2017இல் சர்ரே 15 விழுக்காடு உயர்த்த வாக்கெடுப்பு நடத்தப்போவதாக அறிவித்துவிட்டுப் பின்வாங்கியது. பராமரிப்புச் செலவு கவுண்டிகளை எவ்வளவு நெருக்குகிறது என்பதற்கு அது ஒன்றே போதும். அந்தப் பராமரிப்பை நம்பியிருப்பவர்கள் நம் பெற்றோரும்தான், அந்த வேலையைச் செய்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே வரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சட்டம் கொடுத்த கழிவைக்கூட வாங்காமல் கட்ட வேண்டாம் என்கிறேன்.

தவணை தவறுவதுதான் நான் அதிகம் அஞ்சுவது. ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணை. கேட்டால் பன்னிரண்டாகப் பிரித்துத் தருவார்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் கடிதம் வரும். ஏழு நாளில் அதைக் கட்டாவிட்டால், அடுத்த ஏழு நாளில் ஆண்டின் மிச்சத் தொகை முழுவதையும் ஒரே தடவையில் கேட்கும் உரிமை கவுன்சிலுக்கு வந்துவிடும். பிறகு அழைப்பாணை, நீதிமன்றச் செலவு, லயபிலிட்டி ஆர்டர் என்ற நீதிமன்ற ஆணை, கடைசியில் பாக்கி வசூலிக்க வரும் பெய்லிஃப். பெய்லிஃபிடம் கோப்பு போனதுமே 75 பவுண், வீட்டுக்கு வந்தால் இன்னும் 235 பவுண் என்று 2014இல் கட்டணம் வகுத்தார்கள். மணிக்கணக்குக்கு வேலை செய்யும் ஒரு தம்பி ஜூன் தவணையை மட்டும் தவறவிட்டார். நவம்பரில் என்னிடம் வந்தபோது கையில் நான்கு கடிதங்கள், எதையும் பிரிக்கவில்லை. "காசு வந்ததும் மொத்தமாகக் கட்டலாம் எண்டு இருந்தனான்" என்றார். அவர் சோம்பேறி இல்லை, மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உழைக்கிறவர். பயம்தான் உறைகளை மூடி வைத்தது.

நினைவூட்டல் வந்த அன்றே கவுன்சிலை அழையுங்கள். கவுண்டியை அல்ல, உங்கள் பரோ அல்லது டிஸ்ட்ரிக்ட்டை. வசூலிப்பவர்கள் அவர்கள்தான். பெய்லிஃப் கதவைத் தட்டினால் உள்ளே விட வேண்டிய கட்டாயம் இல்லை. கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்காக முதல் தடவை வருபவர் கதவை உடைத்து நுழைய முடியாது. கதவைப் பூட்டி வைத்துக்கொண்டே பேசுங்கள். கடன் பல பக்கமும் நெருக்கினால், ஆலோசகர் மூலம் 'பிரீதிங் ஸ்பேஸ்' என்ற 60 நாள் அவகாசம் கேட்கலாம். 2021 மே முதல் நடைமுறையில் இருக்கிறது.

வருமானம் குறைந்தவர்களுக்கு கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன் என்ற உதவி வேறு இருக்கிறது. ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கு நாடு முழுவதும் ஒரே விதி, முழு பில்லும் தள்ளுபடியாகவும் கூடும். உழைக்கும் வயதினருக்கு ஒவ்வொரு கவுன்சிலும் தனித்தனித் திட்டம் வைத்திருக்கிறது. அதனால் ஸ்பெல்தோர்னில் இருக்கும் மச்சானுக்குக் கிடைத்தது கில்ஃபோர்டில் இருக்கும் உங்களுக்கு அப்படியே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். எதிலும் அடங்காத கஷ்டம் என்றால் 1992ஆம் ஆண்டு உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் (Local Government Finance Act) 13A பிரிவைக் குறிப்பிட்டு, கவுன்சில் தன் விருப்பின் பேரில் குறைக்கும்படி எழுதலாம். இந்தப் பிரிவை எடுத்துச் சொன்ன பிறகுதான் சில அலுவலகங்களில் பேச்சே தொடங்குகிறது.

விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் அனுமதியில் பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் ரிடக்‌ஷனுக்கு விண்ணப்பிக்க வேண்டாம், அது பொது நிதிக் கணக்கில் சேரும். ஆனால் தனியாள் கழிவான 25 விழுக்காடு, மாணவர் விலக்கு, மனத்திறன் சார்ந்த கழிவு இவையெல்லாம் பொது நிதி அல்ல. பராமரிப்பு வேலைக்கு வந்து தனியாக ஃபிளாட் எடுத்திருக்கும் ஒரு தங்கை, விசாவுக்குக் கேடு வந்துவிடும் என்று பயந்து இரண்டு ஆண்டு முழுத் தொகையும் கட்டியிருந்தார். முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வரியே இல்லை, பல்கலைக்கழகச் சான்றைக் கவுன்சிலுக்கு அனுப்பினால் போதும்.

தண்ணீர் பில்லையும் விடாதீர்கள். 2025 ஏப்ரலில் இங்கிலாந்து, வேல்ஸில் சராசரி பில் ஆண்டுக்கு 123 பவுண் ஏறி 603 பவுண் ஆனது. மீட்டர் வைத்து, உதவித்தொகையும் வாங்கி, வீட்டில் படிக்கும் பிள்ளைகள் மூவர் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, தண்ணீர் அதிகம் தேவைப்படும் நோய் இருந்தாலோ, 'வாட்டர்ஷூர்' திட்டத்தில் பில்லுக்கு உச்சவரம்பு கிடைக்கும்.

இப்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று. சர்ரே கவுண்டியையும் அதன் 11 பரோ, டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்களையும் நீக்கி, கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்று இரண்டே கவுன்சில்கள் அமைக்க 2025 அக்டோபரில் அரசு முடிவு செய்தது. தேர்தலுக்கு 2026 மே, பொறுப்பேற்புக்கு 2027 ஏப்ரல் என்று நாள் குறித்தார்கள். "அப்ப பழைய கவுன்சிலே இல்லாமல் போனால் பாக்கியும் போயிடும்தானே அண்ணை?" என்று அந்த ஜூன் தவணைத் தம்பி கேட்டார்.

போகாது. பாக்கி, நீதிமன்ற ஆணை, கட்டும் ஒப்பந்தம் எல்லாம் புதிய கவுன்சிலின் கைக்குப் போகும். ஆகவே இப்போதே ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள், கழிவு கிடைத்த கடிதங்களைத் தனிக் கோப்பில் போடுங்கள். தம்பியோடு அன்று அந்த மேசையிலிருந்தே கவுன்சிலை அழைத்தோம். நாற்பது நிமிடம் காத்திருந்தோம். மிச்சத்தை மாதம் 60 பவுணாகக் கட்ட ஒப்புக்கொண்டு, கோப்பைப் பெய்லிஃபுக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். மற்ற மூன்று உறைகளையும் அவரே பிரித்தார்.