வாயால் சொன்ன வேலை எங்கே போகிறது?

காலை பதினொரு மணி. அதிகாரி அறைக்குப் போகிற வழியில், பிரிவுக் கண்காணிப்பாளர் இளநிலை உதவியாளரின் மேசையருகே அரை நிமிடம் நிற்கிறார். “தம்பி, அந்தப் பட்டா மாறுதல் ஃபைலை எடுங்க. போன மாசத் தபாலோட ஒத்துப் பாத்துட்டு தாலுகாவுக்கு ஒரு நினைவூட்டு போட்டுடுங்க. அதுக்கு முன்னாடி அந்த ஆர்டிஐ மனுவையும் கொஞ்சம் பாருங்க.” அவர் நகர்வதற்குள் தொலைபேசி அடிக்கிறது. பேசி முடித்து வைக்கும்போது தம்பியிடம் மிஞ்சியிருப்பது ‘பட்டா ஃபைல்’ மட்டும். மாலையில் கேள்வி வரும். அடிக்கடி நடந்தால் குறிப்பாணை வரும்.

தம்பிக்கு ஏடிஎச்டி, அதாவது கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதைக் கடினமாக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு, இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலுவலகம் இதை அலட்சியம் என்று எழுதும். மூளைக்குள் நடந்தது வேறு.

காதில் விழும் சொற்கள் முதலில் தங்குவது, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அவற்றை ஏந்தி வைக்கும் செயல்நினைவில். உள்ளங்கையில் அள்ளிய தண்ணீர் மாதிரிதான் அது. ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான் அதில் நிற்கும் என்று 2001-இல் உளவியலாளர் நெல்சன் கோவன் கணித்தார். கண்காணிப்பாளர் சொன்னதை எண்ணிப் பாருங்கள்: ஃபைல், தபால், நினைவூட்டு, மனு, போதாக்குறைக்கு வரிசை மாற்றம்.

அப்படி நிற்பவையும் தானாக நிலைத்திருக்காது. மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 1959-இல் உளவியலாளர்களான பீட்டர்சன் தம்பதியர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் வெறும் மூன்று எழுத்துகளைச் சொல்லிவிட்டு, ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள். பதினெட்டு நொடிகளில் அந்த எழுத்துகள் பெரும்பாலும் போயே போய்விட்டன. நம் கதையில் எண்ணச் சொன்னது தொலைபேசி. ஏடிஎச்டி உள்ளவர்களுக்குச் சராசரியாக இந்தக் கொள்ளளவே சற்றுக் குறைவு. பக்கத்து மேசைப் பேச்சைத் தள்ளி வைப்பதும் அவர்களுக்குக் கடினம். வாசிப்பதையும் எழுத்துக்கூட்டுவதையும் கடினமாக்கும் டிஸ்லெக்சியாவில் சிக்கல் சொல்லின் ஒலியைப் பிடித்து வைப்பதிலேயே வருகிறது. ஆட்டிசம் உள்ளவருக்கோ நினைவு நன்றாகவே இருக்கலாம். ‘கொஞ்சம் பாருங்க’ என்றால் படித்தால் போதுமா, பதில் எழுத வேண்டுமா என்பதுதான் அவருக்குப் புரிவதில்லை. நியாயமான சந்தேகம். எனக்கே புரிந்ததில்லை.

நான்கு வரி எழுதிய ஒரு துண்டுத்தாள் இந்த மூன்று பேருக்கும் உதவும். தண்ணீர் கையிலிருந்து குடத்துக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். டிஸ்லெக்சியா உள்ளவருக்கு வரிகள் குறுகியதாக, எண் போட்டு இருக்க வேண்டும். கூடவே ஒருமுறை வாயாலும் சொல்லிவிடலாம். பொதுமக்களிடம் எல்லாவற்றையும் ‘எழுத்து மூலம் கொடுங்க’ என்று கேட்கிற இடம் அரசு அலுவலகம். தன் ஊழியருக்கு வேலை சொல்லும்போது மட்டும் அதற்கு வாய் போதுமானதாக இருக்கிறது!

சட்டமும் இதைக் கேட்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் உண்டு. அரசுப் பணியிடங்களில் 4 சதவீத ஒதுக்கீட்டில், இவர்களும் அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களும் சேர்ந்து 1 சதவீதத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பணியில் சேர்ந்த பிறகு தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதருவது அரசு அலுவலகத்தின் கடமை என்கிறது 20-ஆம் பிரிவு. நடைமுறையில் வசதி என்றதும் சாய்தளமும் சக்கர நாற்காலியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஏடிஎச்டி அந்தப் பட்டியலில் தனி வகையாக இல்லை. ஆக, நம் தம்பி சான்றிதழைக் காட்டி உரிமை கேட்பதும் சுலபமில்லை.

அதனால்தான் துண்டுத்தாளை அவருக்கு மட்டும் கொடுக்காமல் பிரிவு முழுவதற்கும் வழக்கமாக்கிவிடுவது நல்லது என்பேன். யாரும் தன் மூளையைப் பற்றி யாரிடமும் விளக்க வேண்டியிராது. தாளில் கோப்பு எண், செய்ய வேண்டியது, எது முதலில், எந்தத் தேதிக்குள் என்று இருந்தால் போதும். ‘உடனடி’ என்று மட்டும் எழுத வேண்டாம். அங்கே எல்லாக் கோப்பிலும் அந்தச் சீட்டுதான் ஒட்டியிருக்கிறது.