நேர்மாறு: இயற்கணிதச் சொல் விளக்கம்

‘அண்ணன் சாது, தம்பி அவனுக்கு நேர்மாறு’ என்று பேச்சில் வரும் அதே சொல்தான் இயற்கணிதத்தில் இன்வெர்ஸ் என்பதற்கும் வழங்குகிறது. நேர், மாறு என்று பிரியும். மாறு என்றால் எதிர்நிலை. மாறுபாடு, மாற்றார் எல்லாம் அந்த வழியில் வந்தவை. நேர் என்பது இங்கே ‘முற்றிலும்’ என்று அழுத்தம் தருகிறது. ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனின் இன்வெர்டெரே. திருப்புதல், கவிழ்த்தல் என்று பொருள். கணக்கில் நேர்மாறு என்பது குணத்தில் எதிரானது அல்ல, செய்த வேலையை அவிழ்த்துப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடுவது.

எதை அவிழ்ப்பது? சார்பை, அதாவது ஒரு மதிப்பை வாங்கிக்கொண்டு அதற்கென ஒரே ஒரு மதிப்பைத் தரும் ஃபங்ஷனை. ஜெர்மானியக் கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1673 வாக்கில் ஃபங்ஷியோ என்ற லத்தீன் சொல்லைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். ‘ஒரு வேலையைச் செய்தல்’ என்பது அதன் வேர்ப்பொருள். தமிழ் அதை விட்டுவிட்டு, ஒரு மதிப்பு இன்னொன்றைச் சார்ந்திருப்பதைப் பிடித்துக்கொண்டது. சார்பெழுத்து என்று இலக்கணத்தில் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே தோன்றாது.

செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். இது இரண்டு சார்புகள் அடுத்தடுத்து நடப்பது: முதலில் 9/5 ஆல் பெருக்கு, அப்புறம் 32 கூட்டு. 37 உள்ளே போனால் 66.6 ஆகி, 98.6 ஆக வெளியே வரும். ஒன்றின் விடையை இன்னொன்றுக்குள் கொடுக்கும் இந்த வேலைக்குச் சார்புகளின் சேர்ப்பு என்று பெயர். தொகுப்பு என்றும் எழுதுகிறார்கள். எனக்குத் தொகுப்பே மேல். கணங்களை ஒன்றாக்கும் யூனியனுக்கு ஏற்கெனவே சேர்ப்பு என்று பெயர் இருக்கிறது, எந்த இரண்டை முதலில் கூட்டினாலும் விடை மாறாது என்னும் சேர்ப்புப் பண்பு வேறு இருக்கிறது. பாவம், ஒரே சொல் எத்தனை வேலைதான் பார்க்கும்?

இப்போது 98.6-இலிருந்து 37-க்குத் திரும்ப வேண்டும். பெருக்கலுக்கு வகுத்தல், கூட்டலுக்குக் கழித்தல், சரி. ஆனால் வரிசையும் திரும்ப வேண்டும். லாரியில் கடைசியாக ஏற்றிய மூட்டைதான் முதலில் இறங்கும். அதனால் முதலில் 32 கழித்து 66.6, அப்புறம் 9/5 ஆல் வகுத்து 37. வரிசையை மாற்றாமல் முதலில் வகுத்தால் 54.8 வரும், அதில் 32 போக மிஞ்சுவது 22.8. காய்ச்சல் இல்லாத ஆள் குளிர்ந்தே போய்விடுவார்! சார்பையும் அதன் நேர்மாறையும் தொகுத்தால் உள்ளே போன எண்ணே வெளியே வரும். அதுதான் சமனிச் சார்பு.

எல்லாச் சார்புக்கும் நேர்மாறு கிடையாது. 3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9, −3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9. பிறகு 9-ஐக் கொடுத்து ‘எங்கிருந்து வந்தாய்?’ என்று கேட்டால் ஒற்றைப் பதில் இல்லை. வெவ்வேறு எண்களுக்கு வெவ்வேறு விடை தந்தால் அது ஒன்றுக்கொன்றான சார்பு, விடைக்கென ஒதுக்கிய கணத்தில் ஒன்றையும் விடாமல் தொட்டால் மேல்சார்பு. இரண்டாகவும் இருக்கும் இருபுறச் சார்புக்கு மட்டுமே நேர்மாறு உண்டு. உள்ளே போகும் எண்களின் கணமான மதிப்பகத்தையும் விடைக்கென ஒதுக்கிய துணை மதிப்பகத்தையும் குறையற்ற எண்களோடு, அதாவது சுழியோடும் மிகை எண்களோடும், நிறுத்திக்கொண்டால் வர்க்கத்துக்கும் நேர்மாறு கிடைத்துவிடும், அது வர்க்கமூலம்.

பெரிய குழப்பம் குறியீட்டில்தான். சார்பின் தலையில் −1 போட்டு நேர்மாறைக் குறிக்கும் வழக்கத்தை 1813-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் தம் கட்டுரையில் எழுதினார். இதை ‘ஒன்றின் கீழ்’ என்று படிக்கக் கூடாது என அங்கேயே எச்சரித்தும் வைத்தார். எண்ணுக்கு அடுக்காக −1 வந்தால் வகுத்தல், சார்புக்கு வந்தால் அவிழ்த்தல் என்றால் மாணவர் தடுமாறாமல் என்ன செய்வார்? தமிழில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. 5-க்கு 1/5 என்பது பெருக்கல் தலைகீழி. சார்பை அவிழ்ப்பது நேர்மாறு. இரண்டுக்கும் பொதுவாகத் ‘தலைகீழ்’ என்று சொல்லிவிடும் பழக்கத்தை வகுப்பறையில் விட்டுவிடலாம். சைன்⁻¹ 1/2 என்றால் −90 முதல் 90 பாகைக்குள் சைன் மதிப்பு 1/2 ஆக உள்ள கோணம், அதாவது 30 பாகை. சைன் 30 பாகையின் தலைகீழி 2.