வல்லாரைச் சாறும் சுண்டெலியின் ஞாபகமும்

முதுமையில் ஞாபகத்தை அழிக்கும் அல்சைமர் நோய் சுண்டெலிக்குத் தானாக வராது, வரவழைக்க வேண்டும். சில குடும்பங்களில் இளவயதிலேயே இந்நோயைக் கொண்டுவரும் பழுதான மனித மரபணுவை எலிக்கருவில் சேர்க்கிறார்கள். எலி வளர வளர, மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியும். பழகிய வழி மறக்கும்.

மறந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரிச்சர்ட் மோரிஸ் 1980-களில் கொண்டுவந்த நீச்சல் தொட்டி இன்றும் கைகொடுக்கிறது. வட்டத் தொட்டியில் கலங்கல் தண்ணீர். அடியில் கண்ணுக்குத் தெரியாத சின்ன மேடை. சுற்றியுள்ள அடையாளங்களை வைத்து மேடை இருக்கும் இடத்தை எலி மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். நல்ல எலி சில நாள் பழக்கத்தில் நேராகப் போய் ஏறிவிடும். நோயுள்ளது சுற்றிச் சுற்றி நீந்தும்.

சரி, வல்லாரை எங்கே வந்தது? நம் வேலூர்ப் பக்கம் ஈரமான வரப்பில் படர்கிற அதே கீரைதான். பரீட்சை நேரத்தில் மார்க்கெட் கீரைக்காரம்மா, "புள்ளைக்குத் தொவையல் அரைச்சிக் குடும்மா, படிச்சது மறக்காது" என்பார். அமெரிக்காவின் ஓரிகனில் ஓர் ஆய்வுக்குழு, நோயுள்ள வயதான எலிகளுக்கு வல்லாரையின் நீர்ச்சாற்றைக் கொடுத்து, 2012-ல் முடிவை வெளியிட்டது. தொட்டியில் எலிகள் தேறின. ஆனால் மூளையில் அமிலாய்டு குறையவே இல்லை!

இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். படிவு அப்படியே இருக்க, ஞாபகம் எப்படி மீண்டது? அமிலாய்டு, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும். செல்லை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். வல்லாரைச் சேர்மங்கள் செல்லின் சொந்தத் தற்காப்பு மரபணுக்களை எழுப்பிவிடுவதாகப் பின்வந்த சோதனைகள் காட்டின. நரம்பு செல்களின் கிளைகளும் சுருங்காமல் தப்பின.

ஆனால் எலியிடம் பலித்ததெல்லாம் மனிதரிடம் பலிப்பதில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சேர்மம் எலிகளில் அமிலாய்டையே குறைத்தது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையிலோ பலன் தெரியவில்லை. குடலிலிருந்து அது ரத்தத்தில் சேர்வதே சொற்பம். செடியிலிருந்து மருந்தாகவே வந்து சேர்ந்தது காலன்டமைன். பனித்துளிப் பூச்செடியின் குடும்பத்துக் கிழங்குகளில் இருப்பது. நரம்புகள் பேசிக்கொள்ள உதவும் அசிட்டைல்கோலின் சிதைவதை அது தடுக்கும். நோயை நிறுத்தாது, அறிகுறியைக் கொஞ்ச காலம் தணிக்கும்.

அதனால், தாத்தாவுக்கு டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டு வல்லாரைப் பொடியை மட்டும் நம்புகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: துவையல் தாராளமாக அரையுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். பொடியோ கேப்சூலோ தினமும் கொடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வல்லாரை மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.