புயல் கூரையைப் பிய்த்துவிட்டால்: ரீயூனியனில் காப்பீட்டுப் பணம் வரும் இரண்டு வழிகள்

“கூரை போச்சு. அரசாங்கம் பேரிடர்னு அறிவிக்கட்டும், அப்புறம் இன்சூரன்ஸுக்கு எழுதிக்கலாம்.” புயல் கடந்த மறுநாள், பிரான்ஸைச் சேர்ந்த ரீயூனியன் தீவில் நம் ஆட்கள் இப்படிச் சொல்வதைக் கேட்கலாம். தயவுசெய்து அப்படிக் காத்திருக்காதீர்கள். காற்றில் கூரை சேதமானால் இங்கே பணம் கிடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்றுக்கு அரசாணை வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டியதே இல்லை. அரசாணை வேண்டாத அந்த வழிக்குத்தான் கெடு மிகக் குறைவு, வெறும் 5 வேலை நாட்கள். அரசாணையை எதிர்பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டிருப்பவர் அந்தக் கெடுவைக் கோட்டைவிடுகிறார்.

2024 ஜனவரி 15-ல் பெலால், 2025 பிப்ரவரி 28-ல் கரான்ஸ் என்று இரண்டு புயல் பருவங்களில் இரண்டு அடி வாங்கிய தீவு இது. புதுச்சேரியிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து குடியேறி, பிரெஞ்சுப் படிவங்களைப் பார்த்தாலே தயங்கும் குடும்பங்கள் சாந்த்-தெனியிலும் சாந்த்-ஆந்த்ரேயிலும் இருக்கின்றன. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வழியைத் தீர்மானிப்பது காற்றின் வேகம்

முதல் வழி, ஒப்பந்தத்தில் ‘தாம்பேத்’ என்ற தலைப்பில் இருக்கும் புயல் காப்பு. வீட்டுக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால், அதே ஒப்பந்தம் புயல் காற்றின் சேதத்தையும் ஏற்றாக வேண்டும் என்பது பிரெஞ்சுக் காப்பீட்டுச் சட்டத்தின் விதி. தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை, அரசாணையும் தேவையில்லை.

இரண்டாவது வழி, எல்லோரும் ‘காட்-நாட்’ என்று சுருக்கிச் சொல்லும் இயற்கைப் பேரிடர்க் காப்பு. 1982 ஜூலை 13 சட்டத்தில் பிறந்தது. வெள்ளம், நிலநடுக்கம், மண் சரிவு போன்றவைதான் இதில் அடக்கம், சாதாரணப் புயல் காற்று கிடையாது. ரீயூனியன் போன்ற பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகளுக்காக 2000 டிசம்பர் 13-ல் வந்த சட்டம், கடும் சூறாவளிக் காற்றையும் இதில் சேர்த்தது. அளவு இதுதான்: 10 நிமிடச் சராசரி வேகம் மணிக்கு 145 கிலோமீட்டர், இல்லையென்றால் சட்டென்று அடிக்கும் வீச்சின் வேகம் மணிக்கு 215 கிலோமீட்டர். காற்று இந்த அளவைத் தொட்டால் சேதம் காட்-நாட் பக்கம் போகும். தொடாவிட்டால் முதல் வழியிலேயே நிற்கும்.

இந்த வேகத்தை உங்கள் வீட்டு முற்றத்தில் யாரும் அளக்கப்போவதில்லை. அரசு கொம்யூன் கொம்யூனாக, அதாவது ஊர் ஊராகப் பார்த்து முடிவெடுக்கிறது. மேரி, அதாவது நகராட்சி, தன் பகுதியைச் சேர்க்கச் சொல்லி, தீவில் அரசின் பிரதிநிதியான பிரிஃபெக்டிடம் விண்ணப்பிக்கும். அமைச்சர்கள் கையெழுத்திடும் ஆணை அரசிதழில் வெளியாகும். பக்கத்து கொம்யூன் பட்டியலில் இருந்து உங்களுடையது இல்லாமலும் போகலாம். அதனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுவதோடு நிற்காமல், மேரியிலும் உங்கள் சேதத்தைப் படங்களோடு பதிவு செய்யுங்கள். மேரி அனுப்பும் கோப்புக்கு அது பலம்.

இரண்டு கெடுக்கள்

புயல் காப்புக்கு, சேதம் தெரிந்த நாளிலிருந்து 5 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். காட்-நாட்டுக்கு, ஆணை அரசிதழில் வெளியான நாளிலிருந்து 30 நாட்கள். முன்பு 10 நாட்களாக இருந்ததை 2021 டிசம்பர் 28 சட்டம் 30 ஆக்கியது.

உங்கள் சேதம் எந்தப் பக்கம் போகும் என்று புயலுக்கு மறுநாள் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எனவே 5 நாட்களுக்குள் எழுதிவிடுங்கள். நிறுவனத்தின் செயலியிலோ இணையக் கணக்கிலோ தெரிவிக்கலாம், ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலும் அனுப்பலாம். போனில் சொன்னாலும் அதை எழுத்தில் ஒருமுறை அனுப்பிவிடுங்கள். முழுக் கணக்கும் கையில் இருக்க வேண்டும் என்றில்லை. ஒப்பந்த எண், முகவரி, சேதம் நடந்த நாள், என்ன போனது என்று நாலு வரி போதும், விவரப் பட்டியலை அப்புறம் சேர்க்கலாம். பின்னால் ஆணை வந்து அதில் உங்கள் கொம்யூன் இருந்தால், அதே கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, இதைக் காட்-நாட் காப்பின் கீழும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு கடிதம் அனுப்புங்கள்.

கையிலிருந்து போட வேண்டிய பங்கும் இரண்டிலும் வேறு. காட்-நாட்டில் வீட்டுக்கு 380 யூரோ என்று சட்டமே நிர்ணயித்திருக்கிறது. புயல் காப்பில் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு, அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ‘பிரான்ஷீஸ்’ என்ற சொல்லைத் தேடி அந்தத் தொகையை இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

கூரையைப் பார்ப்பதும் மூடுவதும்

சிவப்பு அல்லது ஊதா எச்சரிக்கை நடக்கும்போது வாசலைத் தாண்டக் கூடாது. புயலின் கண் தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று அடங்கும், அப்புறம் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். தகரம் ஆடுகிறதே என்று அந்த இடைவெளியில் ஏணி வைப்பது உயிரோடு விளையாடுவது. எச்சரிக்கை விலகிய பிறகும் அறுந்த மின்கம்பி, தளர்ந்து நிற்கும் சோலார் வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஆபத்துதான். ஈரத் தகரத்தில் கால் நிற்காது.

ஏறாமலேயே நிறையப் பார்க்கலாம். தெருவிலிருந்து போன் கேமராவைப் பெரிதாக்கி முகடு, நான்கு மூலைகள், விளிம்புகள், வராண்டா முனை எல்லாவற்றையும் படமெடுங்கள். காற்று கூரையைப் பிடித்து இழுப்பது இந்த ஓரங்களில்தான் அதிகம். பிறகு உள்ளே வந்து விளக்கை அணைத்துவிட்டு மேலே பாருங்கள். ஊசிமுனை அளவில் வெளிச்சம் தெரியும் இடங்களில் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டிருக்கலாம். ரீப்பரும் கைமரமும் சேரும் இடத்தில் மரம் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பறந்துபோன தகரத்தை எல்லோரும் கணக்கில் எடுப்பார்கள், பறக்காமல் மிச்சமிருக்கும் தகரத்தைத்தான் விட்டுவிடுவார்கள். காற்று ஒரு தகரத்தை மணிக்கணக்கில் உலுக்கினால் ஸ்க்ரூ ஓட்டை வட்டமாக இருக்காது, நீள்வட்டமாக இழுபட்டிருக்கும். ரப்பர் வாஷர் கிழிந்திருக்கும். தகரம் இடத்தில்தான் இருக்கும், ஆனால் அடுத்த மழைக்கு ஒழுகும், அடுத்த காற்றுக்குப் போய்விடும். கைக்கு எட்டும் உயரத்தில் அப்படி ஒன்றைக் கண்டால் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுங்கள். எட்டாத இடத்தைக் கூரை வேலைக்காரரிடம் விட்டு, அவர் எடுக்கும் படங்களைக் கேட்டு வாங்குங்கள்.

படம் எடுத்த கையோடு தார்ப்பாய். சேதம் மேலும் பரவாமல் பார்த்துக்கொள்வது காப்பீடு எடுத்தவரின் கடமை. இதில் பணமும் இருக்கிறது: கிழிந்த கூரை வழியாக உள்ளே புகுந்த மழை நீரின் சேதத்தை, கூரை போன முதல் 48 மணி நேரத்துக்குள் நடந்தால் மட்டுமே ஏற்கும் புயல் ஒப்பந்தங்கள் நிறைய உண்டு. மூன்றாம் நாள் மழையில் ஊறிய கட்டில் உங்கள் செலவாகிவிடும். தார்ப்பாய், கயிறு, ஆள்கூலி ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பிய்ந்த தகரங்களைத் தூக்கிப் போடாதீர்கள். சேதத்தைக் கணக்கிட நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் வரும்வரை, பறக்காதபடி கல் வைத்து வீட்டோரம் அடுக்கி வையுங்கள்.

1997-க்கு முன் கட்டிய வீட்டில் சிமென்ட் ஷீட் இருந்தால் உடைக்கவோ துளையிடவோ வேண்டாம். பிரான்ஸில் ஆஸ்பெஸ்டாஸ் தடை செய்யப்பட்டது 1997 ஜனவரி 1-ல்தான், அதனால் பழைய ஷீட்டில் அது இருக்கலாம். அகற்றுவதற்கு உரிமம் பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் ஓட்டை

ஸ்க்ரூவோ கொக்கியோ போடாமல் கல்லை வைத்து நிறுத்திய தகரம், நான்கு பக்கமும் அடைக்காத கொட்டகை, கார் நிறுத்தும் பந்தல் இவற்றைப் புயல் காப்பிலிருந்து விலக்கும் ஒப்பந்தங்கள் பல. தோட்டத்தில் குலதெய்வத்துக்கு ஒரு சிறு கோயில் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. அதுவும் துணைக் கட்டடம்தான். ஒப்பந்தத்தில் அதைச் சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு கடிதம் எழுதிச் சேர்த்துவிடலாம். சங்கத்தின் பெயரில் இருக்கும் கோயிலுக்கோ சங்கமே தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

வாடகை வீடென்றால் கூரை வீட்டுக்காரரின் பொறுப்பு, அவர் காப்பீடுதான் அதற்குப் பேச வேண்டும். உங்கள் பீரோ, டிவி, மெத்தைக்கு உங்கள் காப்பீடு. வாடகைக்காரர் காப்பீடு எடுப்பது சட்டப்படி கட்டாயம். ஆனால் அந்தக் கட்டாயம் வீட்டுக்காரருக்கு நீங்கள் உண்டாக்கக்கூடிய சேதத்துக்கு மட்டுமே, உங்கள் சாமான்களுக்கு அல்ல. ‘மல்ட்டிரிஸ்க்’ என்ற வகை எடுத்திருந்தால்தான் சாமான்களும் சேரும். சொந்தத் தனி வீட்டில் குடியிருப்பவருக்குக் கட்டாயமே இல்லை, இந்தத் தீவில் அதுவே பலருக்கு வினையாகிறது.

மதிப்பீட்டாளர் வந்த பிறகு

பிரெஞ்சில் ‘எக்ஸ்பேர்’ எனப்படும் மதிப்பீட்டாளர் வரும்போது படங்கள், ரசீதுகள், கூரை வேலைக்காரர் எழுதிக்கொடுத்த விலைப்பட்டியல் கையில் இருக்கட்டும். பிரெஞ்சு தயக்கமாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையோ அக்கம்பக்கத்து அண்ணனையோ பக்கத்தில் நிறுத்துங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். படித்துப் பார்க்க அவகாசம் கேளுங்கள். அவர் நிறுவனத்தின் ஆள். மதிப்பீடு குறைவு என்று தோன்றினால் உங்கள் செலவில் வேறு மதிப்பீட்டாளரை வைத்துக்கொள்ளலாம்.

காட்-நாட்டில் நிறுவனத்துக்கும் கெடு உண்டு. காப்பு பொருந்துமா என்று ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். மதிப்பீட்டாளரின் இறுதி அறிக்கை கிடைத்த ஒரு மாதத்துக்குள் தொகையை முன்வைக்க வேண்டும். நீங்கள் ஒப்புக்கொண்ட 21 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். குடியிருக்கும் வீடு தங்க முடியாத நிலைக்குப் போனால் அவசர மாற்றுத் தங்கல் செலவையும் 2021 சட்டம் இந்தக் காப்பில் சேர்த்திருக்கிறது. புயல் காப்பில் ஒப்பந்தத்தில் உள்ள கெடுதான்.

மறுத்தால் முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். இரண்டு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டு மத்தியஸ்தரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. நீதிமன்றம் போவதென்றால் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள்.

புதுக் கூரை போடும்போது அதே பொருள், அதே நிறம் என்றால் சிக்கல் குறைவு. தோற்றமோ சரிவோ மாறினால் வேலை தொடங்கும் முன் மேரியில் அறிவிப்பு கொடுக்க வேண்டும்.

காப்பீடே இல்லையென்றால் இந்த இரண்டு வழிகளும் மூடியிருக்கும். அப்போது கேட்க வேண்டிய இடம் மேரியின் சமூக உதவிப் பிரிவு. கடல்கடந்த பகுதிகளுக்கான அரசின் அவசர உதவி நிதி இருக்கிறது, ஆனால் அது வருமானம் குறைந்த, காப்பீடு இல்லாத குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் உதவி, முழு இழப்பீடு அல்ல. அதற்கும் சேதப் படங்களும் மேரியில் செய்த பதிவும் கேட்பார்கள்.