ஊருக்குப் போய் வந்தால் பூனைக்கு ஏன் தும்மல்?

“வெளியிலேயே விடாமல் வளர்க்கும் பூனை. நாங்கள் ஊருக்குப் போகும்போது அண்ணன் வீட்டில் விட்டுப் போவோம், அங்கே வேறு பூனையும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாரத்தில் தும்மல், கண்ணில் நீர். யாரிடமிருந்து ஒட்டுகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அநேகமாக யாரிடமிருந்தும் இல்லை. அதன் தலைக்குள்ளேயே இருக்கிறது.

பூனைச் சளிக்குப் பெரும்பாலும் இரண்டு வைரஸ்கள்தான் காரணம். ஒன்று கலிசி, அது நாக்கில் புண் வைத்து எச்சில் ஒழுக வைக்கும். இன்னொன்று ஹெர்பிஸ். குட்டியாக இருக்கும்போது தாயிடமிருந்தே ஒட்டி, சளி பிடித்து, சரியாகியும் விடும். ஆனால் வைரஸ் போவதில்லை. மூக்கிலும் கண்ணிலும் முடியும் நரம்பு நுனிகளுக்குள் புகுந்து, நரம்பு வழியாகவே மேலேறி, மூளைக்குப் பக்கத்தில் உள்ள நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அங்கே அது புரதம் எதையும் தயாரிப்பதில்லை என்றே சொல்லலாம். வேற்றுப் புரதத்தைப் பார்த்துத்தான் நோயெதிர்ப்பு அணுக்கள் எதிரியை அடையாளம் காணும் என்பதால், வெறும் டிஎன்ஏவாகச் சுருண்டு கிடப்பதை அவற்றால் கண்டுபிடிக்கவே முடியாது. எனக்கு இதை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது!

இடம் மாறினால் பூனை மிரளும், கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும், எதிர்ப்பு சற்றுத் தளரும். உடனே வைரஸ் விழித்து, வந்த நரம்பு வழியாகவே மூக்குக்கு இறங்கிப் பெருகுகிறது. அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாசகர் சொன்ன அதே ஒரு வாரம்.

நமக்கு வரும் அக்கியும் இப்படித்தான். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ், இதே ஹெர்பிஸ் குடும்பம், பல வருடம் நரம்பு முடிச்சில் இருந்துவிட்டு வெளியே வருகிறது. அதற்குக் காவியில் அக்கி எழுதிவிட்டுக் காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன் உண்டு, அந்த நேரம்தான் வீணாகிறது. ஆனால் நாம் போடும் அசிக்ளோவிரைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதற்கு அது நஞ்சு. பூனைக்கென்று கால்நடை மருத்துவர் ஃபாம்சிக்ளோவிர் எழுதித் தருவார். பாராசிட்டமாலும் வேண்டவே வேண்டாம், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

மூக்கடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. மீனை லேசாகச் சூடுபண்ணி வையுங்கள், ஈரப் பஞ்சால் மூக்கைத் துடைத்துவிடுங்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கிவிடும், அதனால் அதுவரை காத்திருக்காமல் ஒரு நாள் சாப்பிடாதபோதே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், தூங்கும்போது மூச்சை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். 40ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ அது சாதாரணச் சளி இல்லை, நடுராத்திரி என்றாலும் கிளம்ப வேண்டியதுதான்.

தடுப்பூசி போட்டாலும் படுத்திருக்கும் வைரஸ் போகாது, ஆனால் சளி கடுமையாகாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பூனையை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோகாமல், அண்ணனை உங்கள் வீட்டுக்கு வந்து சோறு வைத்துவிட்டுப் போகச் சொல்லிப் பாருங்கள்.